கார் ஷெட்டில் பேட்டரி டவுன்: ஜம்பர் கேபிள், லித்தியம் பேக், ஃப்ளோட் சார்ஜர் – செட்டிநாட்டு வீட்டுக்கு எது தோது?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பூர்வீக வீட்டில் காரை நிறுத்திவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்கு 12 வோல்ட் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர் பேக் (டவுன் ஆன வண்டியைக் கிளப்பும் கையடக்க பேட்டரிப் பெட்டி) வாங்கத் தகுந்த பொருள். ஆனால் அதைக் காருக்குள்ளேயே போட்டு வைத்தால் கொடுத்த காசு வீண். உதிரிபாகக் கடை வாசலில் ஜிப் பையில் தொங்கும், இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கும் மலிவு ஜம்பர் கேபிள், சின்ன பெட்ரோல் காருக்கே இழுத்துப் பிடித்துத்தான் உதவும். டீசல் வண்டிக்கு அதை நம்பிப் போகக் கூடாது. இரண்டையும் விட அதிகம் உழைப்பது, யாரும் கேட்டு வாங்காத ஃப்ளோட் சார்ஜர்; நிற்கும் வண்டியின் பேட்டரியை எப்போதும் நிறைந்தபடி வைத்திருக்கும் சின்ன சார்ஜர்.

எதற்கு இந்த ஊர்க் கணக்கு தனி? வண்டி நிற்கும் விதம்தான் காரணம். படைப்புக்கும், பிள்ளையார் நோன்புக்கும், மணிவிழாவுக்கும் வரும்போதுதான் சாவி கையில் ஏறுகிறது. நடுவில் மாதக்கணக்கில் வண்டி நகர்வதில்லை. நிறுத்தி வைத்த காரும் மின்சாரம் குடிக்கும்: அலாரம், ரிமோட் பூட்டு, கடிகாரம், இசியூ எனும் இன்ஜின் கணினி எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்ப். 50 என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஏஎச் (ஆம்ப்-மணி, பேட்டரி கொள்ளளவின் அலகு). சின்ன பெட்ரோல் கார்களில் வரும் 35 ஏஎச் பேட்டரி ஒரு மாதத்தில் துடைத்துவிட்டது போல ஆகிவிடும். 20 மில்லி ஆம்ப் என்றாலும் மாதத்துக்கு 14 ஏஎச் போகும். செல்ஃப் எடுக்கத் தேவையான தெம்பு இரண்டு மாதத்தில் காணாமல் போகும். டேஷ் கேமராவையோ ஜிபிஎஸ் கருவியையோ நேரடி மின் இணைப்பில் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

இதோடு வெயில். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு 8, 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. சித்திரை, வைகாசியில் இங்கே தகர ஷெட்டுக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் இறங்கிய நிலையில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டுப் போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன அந்த ஊரைச் சுற்றியே இத்தனை ஷெட்களில் சல்ஃபேட் பிடித்த பேட்டரிகள் தூங்குவது ஒரு வேடிக்கை.

ஜம்பர் கேபிள்

அட்டையில் 500 ஆம்ப், 1000 ஆம்ப், 2000 ஆம்ப் என்று போட்டிருக்கும். அந்த எண்ணைப் படிக்காமலே விடுங்கள். பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் செம்பின் குறுக்களவு. மேலுறை விரல் தடிமன் இருக்கும், உள்ளே கம்பி பென்சில் முனை அளவுதான் இருக்கும். விலை குறைந்த கேபிள்களில் இதுதான் வழக்கம்.

ஆளுக்கு 2.5 மீட்டர் நீளமுள்ள சிவப்பும் கறுப்பும் சேர்ந்து மின்சாரம் போய்வரும் தூரம் 5 மீட்டர். 200 ஆம்ப் ஓடும்போது, சுத்தச் செம்பு 25 சதுர மி.மீ. இருந்தால் கேபிளில் மட்டும் ஏறக்குறைய 0.7 வோல்ட் இழப்பு. 16 சதுர மி.மீ. என்றால் 1.1 வோல்ட். 10 என்றால் 1.7. 6 என்றால் 2.9. அதே 6 சதுர மி.மீ. செம்பு பூசிய அலுமினியமாக இருந்தால் 4 வோல்ட்டைத் தாண்டும். கொடுக்கும் வண்டியிலிருந்து 12 வோல்ட் கிளம்பினால் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 8 வோல்ட். மோட்டார் முனகும், சுற்றாது. பெரிய டீசல் இன்ஜின் 300 ஆம்ப்புக்கு மேலும் கேட்கும். அப்போது இழப்பும் அதே விகிதத்தில் கூடும். ஆகவே பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16, டீசலுக்கு 25 சதுர மி.மீ. செம்பு. நீளம் 2.5 முதல் 3 மீட்டர் போதும். நீளத்துக்காகக் குறுக்களவை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

கடையிலேயே சோதிக்க மூன்று வழி உண்டு. முதலாவது தராசு. 16 சதுர மி.மீ. கேபிளில் 5 மீட்டருக்குச் செம்பு மட்டுமே 700 கிராம், 25-க்கு 1.1 கிலோ. உறையும் கிளிப்பும் சேர்ந்து மொத்த எடை இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும். அட்டையில் 25 என்று போட்ட கேபிள் கிளிப்போடு சேர்த்தே 800 கிராம் காட்டினால் அந்த அட்டை பொய். இரண்டாவது, கிளிப்புக்குள் தெரியும் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். மூன்றாவது, கிளிப்பின் பல்லில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் செம்பு முலாம் பூசிய இரும்பு. ஸ்பிரிங்கில் ஒட்டுவது இயல்பு, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கிளிப்பில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. மலிவு கேபிளில் கம்பி ஒரு தாடையில் மட்டும் நசுக்கி இணைக்கப்பட்டிருக்கும். மறு தாடை சும்மா பிடிமானத்துக்கு. அதன் வழியே போகும் கொஞ்ச மின்சாரமும் ஸ்பிரிங் வழியாகத்தான் போகும். நல்ல கிளிப்பில் இரண்டு தாடைகளையும் பின்னல் செம்புப் பட்டை இணைத்திருக்கும். கேபிள் சரியாக இருந்தும் கிளிப் கை வைக்க முடியாமல் சுட்டால் குறை இந்த இடத்தில்தான்.

மெல்லிய கேபிள்தான் கையில் இருக்கிறது, வேறு வழி இல்லை என்றால் பொறுமை கொஞ்சம் கைகொடுக்கும். இணைத்துவிட்டு, கொடுக்கும் வண்டியை 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் 10, 15 நிமிடம் ஓட விடுங்கள். டவுன் ஆன பேட்டரி அதற்குள் ஓரளவு சார்ஜ் ஏறிவிடும். செல்ஃப் அடிக்கும்போது பாதிச் சுமையை அதுவே தாங்கும். இணைத்த அடுத்த நொடியே சாவியைத் திருப்பி, “கேபிள் சரியில்லை” என்று தூக்கிப் போடுவதுதான் பலர் செய்வது.

இணைக்கும் வரிசை தெரிந்ததுதான் என்றாலும் கடைசிப் படியில்தான் தவறு நடக்கிறது. இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டிலும் இக்னிஷன், விளக்கு, ஏசி எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சிவப்பை முதலில் டவுன் ஆன பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனை டவுன் ஆன பேட்டரியின் மைனஸுக்குப் போகக் கூடாது. பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பிலோ எர்த் போல்ட்டிலோ கொடுக்க வேண்டும். கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியின் மூடித் துளைகளிலிருந்து ஹைட்ரஜன் கசிந்திருந்தால் அந்தப் பொறியே பேட்டரியை வெடிக்க வைக்கும். மைனஸ் டெர்மினலில் சென்சார் பெட்டி உள்ள புது வண்டிகளில், குறிப்பாக சிக்னலில் தானாக அணையும் இன்ஜின் உள்ளவற்றில், இன்னொரு காரணமும் உண்டு. டெர்மினலில் நேரடியாகக் கொடுத்தால் சென்சாரைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் போகும், கணினி பேட்டரி நிலையைத் தப்பாகக் கணக்கிடும்.

செல்ஃப் ஒரு தடவைக்கு 5 நொடிக்கு மேல் வேண்டாம். நடுவில் 30 நொடி இடைவெளி. ஸ்டார்ட் ஆனதும் ஏசி புளோயரையும் பின் கண்ணாடி ஹீட்டரையும் போட்டுவிட்டு, இணைத்ததற்கு நேர் எதிர் வரிசையில் கழற்றுங்கள். கழற்றும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலை அந்தச் சுமை வாங்கிக்கொள்ளும்.

யாருடைய வண்டியிலிருந்து எடுப்பது என்பதிலும் ஒரு எச்சரிக்கை. டிராக்டர் பெரும்பாலும் 12 வோல்ட், அதிலிருந்து எடுக்கலாம். லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட். கிட்டவே கொண்டுபோக வேண்டாம். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் 12 வோல்ட் அமைப்பு இன்னொரு வண்டியின் செல்ஃபுக்கு மின்சாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. முகப்புக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி வைத்திருக்கும் பழைய மோரிஸ், ஆஸ்டின் வகையறாவைக் கிளப்பப் பார்ப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். அறுபதுகளின் நடுப்பகுதி வரை வந்த பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் பாடி எர்த். 6 வோல்ட் வண்டிகளும் உண்டு. நிறத்தை நம்பாமல், எந்தக் கம்பி பாடியில் போய் முடிகிறது என்று பார்த்த பிறகே கை வைக்கவும்.

இவ்வளவு சொன்ன பிறகும், கேபிள் இங்கே தோற்பது ஒரு சாதாரண காரணத்தால். தெருவுக்குத் தெரு நீளும் இந்த வீடுகளில் கார் ஷெட் பெரும்பாலும் பின்கட்டுப் பக்கம், ஒரு வண்டி அகலத்துக்கு. பானெட் சுவரைப் பார்த்து நிற்கும். இன்னொரு காரை மூக்கோடு மூக்காகக் கொண்டுவர இடமே இல்லை. வெளியே தள்ளலாம் என்றால் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கியர் பூட்டு மின்சாரம் இல்லாமல் விடாது. பூட்டை விடுவிக்கும் சின்னத் துளை எங்கே என்று கையேட்டைத் தேட வேண்டியிருக்கும்.

லித்தியம் பேக்

ஷெட்டுக்குள் இன்னொரு வண்டி தேவைப்படாது என்பதே இதன் முதல் தகுதி. கையில் அடங்கும் பெட்டி, ஒரு ஜோடி குட்டைக் கிளிப், நடுவில் மின்னணுப் பாதுகாப்பு. தலைகீழாக மாட்டினால் சிவப்பு விளக்கு எரியும், மின்சாரம் பாயாது. கேபிளில் இந்த மன்னிப்பு கிடையாது.

வாங்கும்போது குழப்புவது எண்கள்தான். “பீக் 1000 ஆம்ப்” என்பது நொடியில் ஒரு பங்குக்கு மட்டும் வரும் உச்சம். தொடர்ந்து சில நொடி கொடுக்கும் ஸ்டார்ட்டிங் ஆம்ப் எவ்வளவு என்று பெட்டியில் தேடுங்கள். அது இல்லாவிட்டால் எத்தனை லிட்டர் பெட்ரோல் இன்ஜின், எத்தனை லிட்டர் டீசல் இன்ஜின் என்று பாருங்கள். டீசல் எண்தான் நேர்மையான எண். 1.5 லிட்டர் டீசலுக்கு 3 லிட்டர் டீசல் வரை என்று சொல்லும் பேக் வாங்கினால் நிம்மதி.

மில்லி ஆம்ப்-மணி எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் பெரிய பயன் இல்லை. 200 ஆம்ப், 10 வோல்ட், 3 நொடி: ஒரு ஸ்டார்ட்டுக்குச் செலவாவது 1.7 வாட்-மணிதான். 12000 மில்லி ஆம்ப்-மணி பேக் 3.7 வோல்ட் கணக்கில் 44 வாட்-மணி. சக்தி தாராளமாக இருக்கிறது. திடீரென்று கேட்கும் ஆம்ப்பைக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. 30000 மில்லி ஆம்ப்-மணி என்று விளம்பரம் செய்யும் பேக் உண்மையானால் 111 வாட்-மணி, மொத்த எடை ஒரு கிலோவை ஒட்டி வர வேண்டும். கையில் எடுத்தால் அரைக் கிலோதான் என்றால் கீழே வைத்துவிடுங்கள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து கொண்டுவருபவர்களுக்கு: செக்-இன் பெட்டியில் இதைப் போடவே கூடாது. 100 வாட்-மணியைத் தாண்டினால் கைப்பையிலும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், ஜம்ப் ஸ்டார்ட்டரையே ஏற்றாத நிறுவனங்களும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பேக்கில் சார்ஜ் 60 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். கிளிப் வயரின் நீல பிளக்கைக் கடைசி வரை அழுத்த வேண்டும். பாதி உள்ளே போய் நின்ற பிளக் உருகிப் போகும். டெர்மினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கிளிப்பை அதன்மேல் வைத்துப் பயனில்லை. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா கலந்து ஊற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்துத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். பச்சை விளக்கு வந்ததும் 3 முதல் 5 நொடி செல்ஃப். எடுக்காவிட்டால் 30 நொடி ஓய்வு. மூன்று தடவைக்கு மேல் போனால் பேக் சூடாறச் சில நிமிடம் விட வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் 30 நொடிக்குள் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் டைனமோவின் 14 வோல்ட் பேக்குக்குள் திரும்பிப் பாயும். அதைத் தடுக்கும் சுற்று எல்லா பேக்கிலும் இருப்பதில்லை.

மாதக்கணக்கில் கிடந்த பேட்டரி 2, 3 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் பேக் அதைப் பேட்டரி என்றே அடையாளம் காணாது. பச்சை விளக்கு வராது. “பேக் கெட்டுவிட்டது” என்று திருப்பிக் கொடுப்பவர்கள் பலர் சிக்குவது இந்த இடத்தில். இதற்கென்று ‘பூஸ்ட்’ பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் தலைகீழ் இணைப்புப் பாதுகாப்பும் சேர்ந்தே அணைந்துவிடும், ஆகவே அழுத்தும் முன் சிவப்பு எங்கே, கறுப்பு எங்கே என்று இரண்டு முறை பார்க்கவும். பூஸ்ட் பொத்தான் இல்லாத பேக் இந்த ஊருக்கு ஆகாது.

சேமிப்பில்தான் இந்தப் பொருளின் பலவீனம். வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பாலிமர் செல் அந்தச் சூட்டில் உப்பும், கொள்ளளவு இழக்கும், தீப்பிடிக்கவும் கூடும். பேக்கின் இடம் கார் டேஷ்போர்டு அல்ல, சுண்ணாம்புச் சுவர் வீட்டின் குளிர்ந்த உள்ளறை அலமாரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை டைப்-சி சார்ஜரில் போட வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி வைக்க வேண்டும். பெட்டி கொஞ்சம் உப்பியிருந்தாலும் பயன்படுத்தக் கூடாது. செல் வகையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் லித்தியம் இரும்பு பாஸ்பேட். கனம் கூடுதல், விலையும் கூடுதல், ஆனால் சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கும் இது உதவும். அதிலும் சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது டவுன் ஆனால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் வண்டி விழிக்காது. அங்கே செல்ஃப் மோட்டார் இல்லை என்பதால் ஆகச் சிறிய பேக்கே போதும்.

ஸ்டார்ட் ஆனால் வேலை முடிந்ததா?

கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி வரை போய் காபி சாப்பிட்டுத் திரும்பினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று நம்புகிறார்கள். அரை மணி ஓட்டத்தில், அதிலும் ஏசி ஓடும்போது, ஏறுவது நல்ல கணக்கில் 10 ஏஎச். திருச்சி வரையோ மதுரை வரையோ நிற்காமல் போனால் கொஞ்சம் தேறும். முழுக்க ஏற்ற வேண்டுமானால் 35 ஏஎச் பேட்டரியை 3.5 ஆம்ப்பில் இரவு முழுக்கச் சார்ஜரில் போடுவதுதான் வழி.

மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் ஊகமே வேண்டாம். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் என்றால் முழுசு, 12.2 பாதி, 12-க்குக் கீழே காலி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வர வேண்டும்; வராவிட்டால் டைனமோவையோ பெல்ட்டையோ பாருங்கள். இரவு முழுக்கச் சார்ஜ் போட்டும் 10.5-இலேயே நின்றால் ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது; அதற்கு ஜம்ப் கொடுத்துக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் மட்டும் சத்தமில்லை என்றால் பேட்டரியில் குறை இல்லை; கிளட்ச் சுவிட்ச், செல்ஃப் மோட்டார், எர்த் கம்பி என்று தேட வேண்டும். பேட்டரி வயிறு உப்பியிருந்தாலும், அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலும், அமிலம் தகட்டுக்குக் கீழே இறங்கியிருந்தாலும் கேபிளையும் பேக்கையும் தள்ளி வைத்துவிடுங்கள்.

ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி “டைனமோ நல்லா இருக்கா” என்று பார்க்கும் பழைய பழக்கம் இன்னும் சில ஒர்க் ஷாப்களில் இருக்கிறது. அம்பாசிடர் காலத்தில் தப்பித்தார்கள். இன்றைய வண்டியில் அந்த ஒரு நொடி மின்னழுத்தம் எகிறி இசியூவைத் தூக்கிவிடும். செய்யப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

ஃப்ளோட் சார்ஜர்

ஷெட்டில் பிளக் பாயின்ட் இருந்தால் முதலில் வாங்க வேண்டியது இது. பேட்டரி நிறைந்ததும் 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்கி, கசியும் அளவை மட்டும் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். 1 ஆம்ப் சார்ஜரே காருக்குப் போதும். மாதத்துக்குச் சில யூனிட்தான் ஓடும். பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜரை இதற்குப் பதிலாக வைக்கக் கூடாது. அதில் கட்-ஆஃப் கிடையாது, ஒரு வாரத்தில் பேட்டரி நீரைக் கொதிக்க வைத்து வற்றடித்துவிடும்.

கடையில் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: ஒரு பேட்டரியில் மாட்டி, பிளக்கை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். தானாகச் சார்ஜைத் தொடர வேண்டும். சில மாடல்கள் பொத்தானை யாராவது அழுத்தும் வரை சும்மா இருக்கும். கரண்ட் போய் வரும் ஊரில், ஆள் இல்லாத வீட்டில், அது செருகியும் செருகாததுதான். வளையம் வைத்த நிரந்தர வயரில் ஃபியூஸ் இருக்கிறதா என்று பார்த்து, எலி ஏறாதபடி மேலே இழுத்துக் கட்டுங்கள்.

பிளக் பாயின்ட் இல்லாத ஷெட்டுக்கு 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போதும். ஊருக்குக் கிளம்பும் முன் மைனஸ் டெர்மினலைக் கழற்றி, திரும்ப உரசாதபடி துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதம்தான், நாலைந்து மாதம் தாங்கும். ஆனால் பானெட்டைச் சாத்தும் முன் ரிமோட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து டிரைவர் கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். பல வருடம் தொடாத பூட்டு இறுகியிருக்கும். டிக்கி பல வண்டிகளில் மின்சாரத்தில்தான் திறக்கும், பெட்டி எதையும் உள்ளே விட்டுவிடாதீர்கள். திரும்பி வந்து இணைத்ததும் கடிகாரத்தையும் கண்ணாடியின் ஆட்டோ நிலையையும் மறுபடி அமைக்க வேண்டும்: கண்ணாடியை முழுக்க ஏற்றி, பொத்தானைச் சில நொடி இழுத்தபடியே வைத்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் சரியாகிவிடும்.